பக்கற்றின் பின்புறம்

(எமது ஆண்டு விழாக் கூட்டத்தில், முரசுமோட்டையில், நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



விழா மேடையிலே புராணமோ இலக்கியமோ பேசுவது வழக்கம். இவ்வாண்டு எம்மை அழைத்த செயலாளர், “பிரயோசனமான விடயம் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஆகவே இன்று நாம் கையிற் கொண்டுவந்திருப்பது ஏடன்று. ஒரு யோகட் கோப்பை, ஒரு நூடில்ஸ் உறை, ஒரு பிசுக்கோத்துப் பக்கற், ஒரு சூப்புக்கட்டிப் பெட்டி, இவ்வளவே. முன்வரிசையில் இருக்கும் சிறுவர்கள் ஏமாற வேண்டாம். எல்லாம் வெற்று உறைகள்.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணமுண்டு. இப்பகுதியிலே வயலும் மாடுமாக வாழும் பெரியவர் ஒருவருக்கு, பேர் சொல்ல வேண்டியதில்லை, சில காலமாக இரவிலே ஓர் உபாதை. விளக்கேற்றிய பின்னர் உள்ளங்கை கடிக்கத் தொடங்கும். பிறகு காஞ்சோண்டி பட்டாற்போல உடம்பெங்கும் தடிக்கும். வயிற்றைப் பிடுங்கிச் சத்தி வரும். ஒருமுறை மூச்சு முட்டி மயங்கியும் விழுந்தார். வீட்டார் இரவுச் சாப்பாட்டைச் சந்தேகித்தார்கள். கத்தரிக்காயை நிறுத்தினார்கள், நண்டை நிறுத்தினார்கள், பிறகு கண்ணூறு கழித்தார்கள், நூல் கட்டினார்கள். உபாதை நிற்கவில்லை. கடைசியில் ஒரு வைத்தியர், “இரவு என்ன சாப்பிட்டீர்கள், ஐயா?” என்று கேளாமல், “மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார். எண்ணிப் பார்த்தால், உபாதை வந்த ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தபோது உண்மை வெளியாயிற்று. அன்றோடு இறைச்சியை விட்டார், சுகமாகவும் இருந்தார்.

ஆனால், கந்தசட்டி விரத காலத்திலே, மச்ச மாமிசம் என்ற பேச்சே வீட்டில் இல்லாத நாளொன்றில், மறுபடியும் அதே தடிப்பு, அதே மூச்சு முட்டு. அன்று அவர் உட்கொண்டவை பாலும் பழமும், பிள்ளைகள் அன்போடு வாங்கிக் கொடுத்த ஒரு யோகட்டும். பால் அவருக்கு என்றும் தீங்கு செய்ததில்லை. நாள்தோறும் இருவேளை பால்தேநீர் குடிப்பவர். பேரன் கோப்பையைக் குப்பைக்குள்ளிருந்து தேடி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தான். கடுகு போன்ற எழுத்தில் “ஜெலற்றின்” என்றிருந்தது. “விரதச் சாப்பாட்டுக்குள்ளே மாடு எப்படியடா வந்தது?” என்று அப்பெரியவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சு.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்வோம். முலையூட்டி விலங்குகளின் உடலில் ஒருவகை வெல்லம் உண்டு. விஞ்ஞானிகள் அதனை அல்பா-கல் என்பர். கல் என்றதும் வேறு கல்லை நினைக்க வேண்டாம். கலற்றோசு என்னும் வெல்லத்தின் பெயரைக் குறுக்கிய குறுக்கம் அது. மாடு, எருமை, ஆடு, பன்றி, மான், மரை, முயல் யாவற்றிலும் இது இருக்கிறது. மனிதரில் இல்லை. மனிதக் குரங்குகளிலும், எமது காட்டு மந்தி, செங்குரங்கு போன்ற பழைய உலகக் குரங்குகளிலும் இல்லை. இவ்விடயத்திலே நாமும் வானரரும் ஒரே கட்சி. கோழி, மீன், முட்டை ஆகியவற்றாலும் இந்நோயாளிக்குப் பயமில்லை.

உண்ணி கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு இந்த வெல்லம் எமது தோலுக்குள் செல்லுகின்றது. சிலருடைய உடம்பு, எல்லோருடையதுமன்று, அதனைப் பகையென எண்ணி அதற்கெதிராக ஐ.ஜி.ஈ. என்னும் பிறபொருளெதிரியை ஆக்கி வைத்துக்கொள்ளும். அதன் பின்னர் இறைச்சி உண்டால், தோலுக்குள் வந்த அதே பகைவன் வயிற்றுக்குள்ளும் வந்துவிட்டான் என்று உடம்பு போர் தொடுக்கும். மற்றைய உணவு ஒவ்வாமைகள் சில நிமிடத்தில், மிஞ்சினால் ஒரு மணித்தியாலத்தில் தெரியும். இதுவோ இரண்டு முதல் ஆறு மணித்தியாலம் வரை ஒளிந்திருந்து தாக்கும். அந்த வெல்லம் கொழுப்போடு ஒட்டி மெதுவாக இரத்தத்திற் சேர்வதே தாமதத்துக்குக் காரணம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கொழுத்த இறைச்சி, குடல், ஈரல், சிறுநீரகம் என்பன கூடுதலாகத் தாக்குவதும் உண்டு. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அந்த வெல்லம் அழிவதில்லை.

இது கண்டறியப்பட்ட கதை சுவையானது. 2007 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து வைத்தியர் ஷெரில் வான் நூனன் அம்மையார், தம்மிடம் வந்த இறைச்சி ஒவ்வாமை நோயாளிகளிற் பெரும்பாலாருக்கு உண்ணிக்கடி இருந்ததைக் கண்டு முதன்முதலில் எடுத்துரைத்தார். அமெரிக்காவிலோ விடயம் வேறு வாசலால் வந்தது. செற்றுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றியதும், தென்கிழக்கு மாநிலங்களிலுள்ள நோயாளர் சிலர் கடும் ஒவ்வாமையால் வீழ்ந்தனர். வேறு மாநிலத்தாருக்கு அவ்வளவாக ஒன்றும் நேரவில்லை. அம்மருந்து எலியின் கலங்களில் வளர்க்கப்பட்டது, எலியும் முலையூட்டியன்றோ! வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துத் தோமஸ் பிளாற்ஸ்-மில்ஸ் என்னும் பேராசிரியரும் தோழர்களும் அதிலிருந்த அல்பா-கல்லே காரணமென 2008 இல் வெளியிட்டனர். இதில் வேடிக்கை என்னவெனில், பேராசிரியரே 2007 இல் மலைப்பாதையில் நடந்து உண்ணிக்கடி வாங்கியவர். சில மாதங்களின் பின் இலண்டனிலே செம்மறியாட்டு இறைச்சி உண்டு, ஆறு மணித்தியாலம் கழித்து நடுஇரவில் உடம்பெல்லாம் தடித்து எழுந்தார்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2023 இல் வெளியிட்ட கணக்கின்படி, 2010 முதல் அந்நாட்டில் நாலரை இலட்சம் பேர் வரை இதனாற் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றொரு கணக்கோ, விசாரிக்கப்பட்ட வைத்தியத் துறையினரில் 42 சதவீதத்தினர் இந்நோயைக் கேள்விப்பட்டதேயில்லை என்கிறது. வைத்தியர்களே அறியாத நோயை வன்னிக் கமக்காரர் செய்வினை என்று எண்ணினால் அவரைச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. இதை வெறும் சொறி என்று தள்ளுவதற்கும் இடமில்லை. நியூ ஜேர்சி மாநிலத்தவர் ஒருவர் 2024 இல் மாட்டிறைச்சி உண்டு சில மணி நேரத்தில் இறந்தார்; அம்மரணம் இவ்வொவ்வாமையின் விளைவே என்று 2025 நவெம்பரில் வேர்ஜீனியா வைத்தியர்கள் அறிவித்தனர்.

“அமெரிக்க உண்ணி முரசுமோட்டைக்கு ஏன் வருகிறது?” என்று ஒரு தம்பி கேட்கக்கூடும். அது வரத் தேவையில்லை. நம்மிடம் வேண்டிய அளவு இருக்கிறது. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல், வயலோரம் எருமை, அதற்கப்பால் பற்றை, பற்றைக்குள் காட்டுப்பன்றி: உண்ணிக்கு இதைவிட வேறு சொர்க்கமில்லை. இலங்கையில் மனிதரின் காதுக்குள்ளேயே உண்ணி புகுவது சர்வசாதாரணம் என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். யப்பானில் இந்த ஒவ்வாமையோடு தொடர்புபடுத்தப்பட்ட அம்பிளியோமா தெசுத்துடினாரியம் என்னும் உண்ணி இலங்கைக் காடுகளிலும் உள்ளதுதான். கடித்த உண்ணியை நசுக்காமலும், மண்ணெண்ணெய் ஊற்றாமலும், சிறிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்தெடுத்துவிட வேண்டும். மறுபடி மறுபடி கடிபட்டால் ஒவ்வாமை வளரும். கடிபடாமல் சில ஆண்டு கழிந்தால் சிலருக்குத் தணியும். நோயைப் பற்றி இவ்வளவு போதும். கடைக்குப் போவோம்.

இறைச்சிக் கடையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அங்கே தொங்குவது இன்னதென்று கண் சொல்லும். ஆபத்து எங்கே என்றால், மினுங்கும் உறைக்குள்ளே. முற்பக்கம் படம், பிற்பக்கம் உண்மை. முற்பக்கத்தில் மாம்பழமும் பால்குடமும் சிரிக்கும். பிற்பக்கத்திலே, மடிப்புக்குள்ளே, திகதி குத்திய மைக்குக் கீழே, சேர்மானப் பட்டியல் ஒடுங்கிக் கிடக்கும். எமது நாட்டிலே 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும், அதன் கீழ் வந்த சுட்டுத்துண்டு ஒழுங்குவிதிகளும் இப்பட்டியலைக் கேட்கின்றன. நமக்காகப் போடப்பட்ட பட்டியலை நாம் படிக்காமல் விடுவது எவ்வளவு வேடிக்கை!

பட்டியலில் முதலில் தேட வேண்டிய பெயர் ஜெலற்றின். மாட்டினதும் பன்றியினதும் தோலையும் எலும்பையும் ஊறவைத்துக் காய்ச்சி எடுக்கும் பசை இது. மீனிலிருந்தும் எடுப்பதுண்டு; ஆனால் உறை பெரும்பாலும் எந்த விலங்கு என்று சொல்வதில்லை. யோகட் தளராமல் நிற்பதற்காக இதைச் சேர்க்கின்றனர். எல்லா யோகட்டிலும் உண்டென்று நாம் சொல்லவில்லை. மாப்பொருளும் பழப்பசையும் கொண்டு செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆகையினாலேதான் ஒவ்வொரு கோப்பையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில உறைகளில் ஜெலற்றின் என்ற பேர்கூட இராது. “நிலைநிறுத்தி” என்றோ, 441 என்ற இலக்கத்தாலோ குறித்திருக்கும். மென்று தின்னும் ரப்பர் இனிப்புகள், மாஷ்மெலோ, ஜெலிப் பக்கற், சிலவகை ஐஸ்கிறீம், கேக்கின் மேற்பூச்சு என்பனவும் இதன் இருப்பிடங்கள். சட்டியில் உறைந்த எருமைத் தயிருக்கு இந்தப் பசை தேவையில்லை. தாமே நிமிர்ந்து நிற்கும் தயிர் ஊரில் இருக்க, பசை பூசி நிறுத்திய தயிரைக் கோப்பையில் வாங்குகிறோம் என்பது எமது சொந்தக் குறை. ஜெலிக்கோ, கடைகளில் விற்கும் கடற்பாசி, அதாவது அகர் அகர், மிக நன்று.

ஈண்டு ஒரு வார்த்தை. இந்த ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும், விரதம் காப்பவர்களுக்கும், சைவ உணவினர்க்கும் ஜெலற்றின் ஒரு சங்கடமே. ஆனால் அவர்கள் அறியாது உண்டால் மனம் நோகும். நோயாளி அறியாது உண்டால் மூச்சு நிற்கும். ஆதலால் நோயாளிக்காகப் படிக்கப் பழகிய கண், வீட்டிலே மற்றவர்களுக்கும் பயன்படும்.

அடுத்தது கொழுப்பு. பன்றிக்கொழுப்பை லாட் என்றும், மாட்டுக்கொழுப்பை ரலோ என்றும், சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக்கொழுப்பைச் சூவற் என்றும் ஆங்கிலத்தில் அச்சிடுவர். “விலங்குக் கொழுப்பு” என்று மட்டும் போட்டிருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. “தாவரக் கொழுப்பு” என்றோ, “பாமெண்ணெய்” என்றோ தெளிவாக எழுதியிருந்தால் பயமில்லை. ஷோர்ட்னிங் என்று மாத்திரம் எழுதியிருந்தால் எதனால் ஆனது என்று கேட்காமல் வாங்கலாகாது. கலப்படமும் நடவாததன்று: 1983 இல் இந்தியாவிலே வனஸ்பதிக்குள் இறக்குமதியான மாட்டுக்கொழுப்பு கலந்த விவகாரம் நாடெங்கும் பெருங் கொந்தளிப்பை உண்டாக்கியதைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, மணமும் சுவையும் ஊட்டும் பொருள்கள். இதிலேதான் மறைவு மிகுதி. “இயற்கைச் சுவையூட்டி” என்ற இரண்டு சொல்லுக்குள்ளே எதையும் ஒளிக்கலாம். அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990 ஆம் ஆண்டிலே தனது பொரித்த உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பிலிருந்து மாற்றித் தாவர எண்ணெயிலே பொரிப்பதாக அறிவித்தது. இந்துக்கள் பலர் நம்பி உண்டனர். பிறகு பார்த்தால், “இயற்கைச் சுவையூட்டி” என்று எழுதியிருந்ததற்குள்ளே மாட்டிறைச்சிச் சாரம்! 2001 இல் சியாற்றில் நகரிலே வழக்கு வைக்கப்பட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 2002 இல் ஒரு கோடி டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. எண்ணெய் தாவர எண்ணெய்தான், பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே வினை.

எமக்கு அண்மையிலே, டெல்லி மேல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. அதிலே பேசப்பட்ட பொருள் டைசோடியம் இனோசினேற்று. உறையிலே 631 என்ற இலக்கமாக நிற்கும். உடனடி நூடில்ஸ், உருளைக்கிழங்குச் சீவல் முதலியவற்றில் நாக்கைச் சப்புக்கொட்ட வைப்பது இதுவே. இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ ஆக்கலாம். தாவர மாவைப் புளிக்கவைத்தும் ஆக்கலாம். இலக்கத்தைப் பார்த்தால் எது என்று தெரியாது. ஒவ்வொரு சேர்மானமும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அளவு எவ்வளவு சிறிதாயினும் சொல்ல வேண்டும் என்று அந்நீதிமன்றம் 2021 டிசெம்பரிலே பணித்தது. 627, 635 என்பன இதன் உறவினர்.

சூப்புக்கட்டிகளில் ஒரு சூட்சுமம். பெட்டியிலே கோழியின் படம் இருக்கும். கோழி இந்நோயாளிக்கு ஆகும் என்று வாங்கினால், உள்ளே மாட்டுக்கொழுப்பு இருக்கவுங் கூடும். கோழிச் சொசேச்சும் அப்படியே: உள்ளிருப்பது கோழி, சுற்றியிருக்கும் தோல் சில வேளை பன்றியின் அல்லது ஆட்டின் குடல், அல்லது மாட்டுத்தோலிலிருந்து செய்த உறை. கோழி என்று முற்பக்கம் சொன்னது பொய்யன்று, முழு உண்மையுமன்று.

இனி இலக்கங்கள். ஆங்கில ஈ எழுத்தோடு, அல்லது ஐ.என்.எஸ். என்ற எழுத்துகளோடு வரும் எண்களைக் கண்டதும் சிலர் நடுங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் நடுங்கினால் தண்ணீரும் இளநீருமே மிஞ்சும். 471 என்பது கொழுப்பிலிருந்து ஆக்கும் கலப்பிக்கும் பொருள். பாண், பிசுக்கோத்து, ஐஸ்கிறீம், மாஜரின் எங்கும் இருக்கும். தாவர எண்ணெயிலிருந்தும் ஆக்குவர், விலங்குக் கொழுப்பிலிருந்தும் ஆக்குவர். கிளிசரின் என்னும் 422, ஸ்ரியரிக் அமிலமான 570, குளிசைகளில் வரும் மக்னீசியம் ஸ்ரியரேற்றான 572 ஆகியனவும் அவ்வாறே. இவை பெரிதும் சுத்திகரிக்கப்பட்டவை, அளவும் சிறிது. பெரும்பாலான நோயாளருக்கு இவற்றால் ஒன்றும் நேர்வதில்லை. மிக இலேசாக நோய் கிளம்பும் சிலருக்கு மட்டும் வைத்தியர் விலக்கச் சொல்வார். ஆகவே ஜெலற்றினையும் இறைச்சிக் கொழுப்பையும் கண்டால் பக்கற்றைக் கீழே வைத்துவிட வேண்டும். 471 ஐக் கண்டால் நோயாளி தம் வைத்தியரின் சொற்படி நடக்க வேண்டும். எலும்பிலிருந்து வரும் 542 ஐ வாங்காமல் விடுவதே நன்று.

கராஜினன் என்னும் 407 ஒரு விசித்திரம். அது கடற்பாசியிலிருந்து வருவது. விலங்கின் நிழல்கூடப் படாதது. ஆயினும் அதிலே அல்பா-கல்லை ஒத்த பிணைப்பு இருப்பதால் நோயாளருள் சிலர் அதையும் ஏற்கமாட்டார்கள். மறுதலையாக, 120 என்னும் சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்தும், 904 என்னும் மினுக்கு அரக்கிலிருந்தும் வருவன. சைவ உணவினர் அவற்றை விலக்கலாம். ஒவ்வாமைக்காரருக்கு இந்த நோயைப் பொறுத்தவரை அவற்றால் ஆபத்தில்லை. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாதவையும் உண்டு. கொக்கோ பட்டர் மாட்டு வெண்ணெயன்று, கொக்கோ விதையின் நெய். வேர்க்கடலை வெண்ணெயும் அத்தகையதே. லெசித்தின் பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. தேங்காய்ப்பாலைப் பற்றி இவ்வூரில் யாருக்கும் சந்தேகமிராது.

பால், பால்மா, வெண்ணெய், நெய், பாற்கட்டி, மோர்ப்புரதம்: இவற்றில் அல்பா-கல் சிறிதளவில் உண்டு. நோயாளருட் பலர் பாலைத் தாராளமாகக் குடிக்கின்றனர்; சிலரால் முடியாது. நாம் சொன்ன பெரியவர் முதல் வகையினர். எவ்வகையினர் என்பதை வைத்தியரோடு பேசியே அறிய வேண்டும். அயல்வீட்டாரைப் பார்த்து அறிய முடியாது. பாற்கட்டியில் இன்னொன்று: பாலைத் திரைக்க இடும் றெனற் சில வேளை கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தது.

முத்திரைகளை நம்பலாமா? ஒவ்வொரு முத்திரையும் தான் கேட்ட கேள்விக்கே விடை சொல்லும். இந்தியப் பக்கற்றிலுள்ள பச்சைப் புள்ளி, இறைச்சியும் ஜெலற்றினும் இல்லை என்று சொல்லும். பால் இல்லை என்று சொல்லாது. ஹலால் முத்திரை பன்றி இல்லை என்று சொல்லும். முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலற்றின் இல்லை என்று சொல்லாது. பாலும் தேனும்கூட இல்லாத முழுத் தாவர உணவு என்னும் வீகன் முத்திரையே நோயாளிக்கு நெருங்கிய துணை. அதிலும் 407 இருக்கலாம். பட்டியலின் அடியில் தடித்த எழுத்தில், “இதில் கோதுமை, பால், சோயா உண்டு” என்று ஒவ்வாமை எச்சரிக்கை வருமே, அதனை நம்பியும் இருக்க முடியாது. அமெரிக்கச் சட்டம் சொல்லும் ஒன்பது பொருள்களிலோ, ஐரோப்பியச் சட்டம் சொல்லும் பதினான்கிலோ முலையூட்டி இறைச்சியும் இல்லை, ஜெலற்றினும் இல்லை. எச்சரிக்கை வரி வெறுமையாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்து வாங்கியவன் ஏமாறுவான்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் சகோதரங்கள் ஊருக்கு வரும்போது என்ன கொண்டுவருகிறார்கள்? சொக்கிலேற்றும், கரடிப் பொம்மை வடிவில் ரப்பர் இனிப்பும், மாஷ்மெலோவும். பின்னைய இரண்டும் பெரும்பாலும் ஜெலற்றினாலேயே உருவம் பெற்றவை. அன்பாகக் கொடுத்ததை மறுப்பது எப்படி என்று வீட்டிலுள்ளோர் கூச்சப்படுவர். வருவதற்கு முன்னரே தொலைபேசியில், “அண்ணை, அப்புவுக்கு ஜெலற்றின் ஆகாது, அது இல்லாததாய்ப் பார்த்து வாங்குங்கோ” என்று சொல்லிவிட்டால் கூச்சமும் இல்லை, ஆபத்தும் இல்லை. ஒரே பேரில் விற்கும் சாமான் ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு சேர்மானத்தோடு வரும் என்பதையும், உள்ளூர்ச் சாமானிலும் உறை மாறாமலே சேர்மானம் மாறும் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே சென்ற மாதம் படித்தது இம்மாதத்துக்கு ஆகாது. வாங்கும் ஒவ்வொரு தடவையும் படிக்க வேண்டும்.

உறையில்லாத உணவுக்குப் பிற்பக்கமே இல்லை; வாயாற் கேட்டறிய வேண்டும். கடையிலே மரக்கறி றோலும் மட்டன் றோலும் ஒரே தாச்சி எண்ணெயில் பொரியும். கொத்து றொட்டித் தட்டிலே மாடும் முட்டையும் ஒரே அகப்பையில் புரளும். கேட்டால் கடைக்காரர் கோபிப்பதில்லை. காரணம் சொல்லிக் கேட்டால் தட்டைக் கழுவியும் தருவார்.

மருந்தும் ஒருவகையில் உறையிட்ட பொருளே. கப்சூலின் கூடு பொதுவாக ஜெலற்றின். சில தடுப்பூசிகளிலும் உண்டு. எமது வயலிலும் பற்றையிலும் பாம்பு இருக்கிறது. பாம்புக்கடிக்கு ஏற்றும் மாற்றுமருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து ஆக்கப்படுவது, குதிரையும் முலையூட்டியே. இதைக் கேட்டு எவரும் மருந்தை மறுத்துவிடக் கூடாது. விஷம் ஏறினால் மருந்தே உயிர். வைத்தியரிடம், “எனக்கு அல்பா-கல் ஒவ்வாமை உண்டு” என்று முதலிலேயே சொன்னால், அவர் அதிரினலின் ஊசியைப் பக்கத்தில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு ஏற்றுவார். இவ்வசனத்தை ஒரு துண்டில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, அடையாள அட்டையோடு வைத்திருக்க வேண்டும்.

தவறி உண்டு மூச்சு முட்டினாலோ, நாக்கு வீங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, வேப்பிலையும் நூலும் பிறகு ஆகட்டும். நோயாளியை எழுப்பி நடத்தாமல் படுக்கவைத்து, மூச்சு முட்டுமாயின் சாய்த்து இருத்தி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. தொடையிற் போடும் அதிரினலின் ஊசியே இதற்கு முதல் மருந்து; சொறிக் குளிசை அதன் இடத்தை நிரப்பாது. இரவிலே தடிப்பு மட்டும் வந்து அடங்கினாலும், மறுநாள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய், முந்திய நாள் மத்தியானம் முதல் உண்டதையெல்லாம், உண்ணி கடித்ததையும் சேர்த்து, ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

இனி எமது சங்கம் செய்யக்கூடியது. செயற்குழுவினர் ஏற்றுக்கொண்டபடி, வாசிகசாலை மேசையிலே அடுத்த வாரம் முதல் ஒரு தடித்த கொப்பி இருக்கும். பரந்தன் வீதிக் கடைகளிலும், கூட்டுறவுச் சங்கக் கடையிலும் கிடைக்கும் யோகட், பிசுக்கோத்து, நூடில்ஸ், சூப்புக்கட்டி, இனிப்பு ஆகியவற்றின் சேர்மானத்தை வாலிபர்கள் அதில் எழுதுவார்கள். சாமானின் பெயர், படித்த திகதி, ஜெலற்றின் உண்டா, விலங்குக் கொழுப்பு உண்டா, விளங்காத இலக்கம் எது என்ற வரிசையில் எழுதினாற் போதும். திகதி இல்லாத பதிவை வெட்டிவிடும்படி நூலகப் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறோம். விளங்காத இலக்கத்துக்கு உறையிலுள்ள வாடிக்கையாளர் தொலைபேசிக்கு அழைத்து, “உங்கள் சாமானிலே இந்த இலக்கப் பொருள் தாவரத்திலிருந்து பெறப்பட்டதா, விலங்கிலிருந்தாயின் எந்த விலங்கு?” என்று கேட்க வேண்டும். “அனுமதிக்கப்பட்ட பொருள்தான்” என்று பதில் வரும். அது விடையன்று; மறுபடியும் கேட்க வேண்டும். அதற்கும் விடை வராவிட்டால் எழுத்தில் கேட்போம். பட்டியலே இல்லாத உறையையும், அழிந்துபோன அச்சையும் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டுவோம்.

பெரியவர்கள் கண்ணாடி இல்லையே என்று வருந்த வேண்டாம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வாசிகசாலையில் இரு தம்பிமார் இருப்பார்கள். பக்கற்றைக் கொண்டுவந்தால் படித்துச் சொல்வார்கள். ஒரேயொரு வேண்டுகோள்: யோகட் கோப்பையைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். இன்று நாம் கொண்டுவந்த கோப்பையிலேயே, இந்நேரத்துக்குள், எறும்பு ஏறிவிட்டது.